பாஸிங்குக்கு மட்டும் மாட்டிய டயர்கள்

தம்பி,

செவ்வாய்க்கிழமை மதியம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ ஃபோனை வைத்துவிட்டாய். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பதாக ஒரு மெசேஜ் வந்தது. இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு மீட்டிங் இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பன் வாயை அடைப்பதற்காக நடக்கும் மீட்டிங் எத்தனை மணிக்கு முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். காகிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது. கோபத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது கோபத்தால் என்று எடுத்துக்கொள், வயதால் என்று எடுத்துக்கொண்டு எனக்குக் கண்ணாடி வாங்கித் தர வந்துவிடாதே.

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். திங்கட்கிழமை நம் கேரவன் பாஸிங் ஆனது. அரசாங்கச் சோதனையில் தேறி, வண்டிப் பதிவுக்கான முல்கியா அட்டை கைக்கு வந்து, புது நம்பர் பிளேட் மாட்டி, அதைப் படம் எடுத்து எல்லா குரூப்பிலும் போட்டாய். நான் அந்தப் படத்தைப் பட்டறையில் ஒருத்தர் விடாமல் காட்டினேன். பதினான்கு மாதம் ஞாயிறு ஞாயிறாக நாம் இரண்டு பேரும் உயிரை விட்டுச் செய்த வேலையல்லவா, காட்டத்தானே தோன்றும். வெள்ளிக்கிழமை கயலை அழைத்துக்கொண்டு ஓமனில் சலாலாவுக்குக் கிளம்பப் போகிறாய், கல்யாணமாகி அவள் கல்ஃபுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று செவ்வாய் மதியம் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் பின்னால் வண்டி நிற்கிற இடத்துக்குப் போனேன். தண்ணீர் எங்காவது ஒழுகுகிறதா என்று குனிந்தேன். பின் டயரில் கறுப்புப் பாலிஷ் பளபளவென்று மின்னியது. முப்பது வருடமாக பஸ் பாடி கட்டுகிறவன் நான். பளபளப்பைக் கண்டால் என் கை தானாகத் துடைக்கப் போகும். துணியால் துடைத்தேன். அடியில் ரப்பர் முழுவதும் மெல்லிய வெடிப்புகள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருப்பார்கள், எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று. அதைப் படித்தேன். பதின்மூன்று வயது டயர். ஒன்று விடாமல் ஆறையும் பார்த்தேன். ஆறும் அண்ணன் தம்பிகள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து உனக்கு ஃபோன் போட்டேன். நீ சொன்னதை எல்லாம் நான் மறக்கவில்லை.

"டயர் மாத்தலையா?"

"அப்பா, பாஸிங் கிளியர் ஆயிடுச்சேப்பா."

"மாத்தினியா இல்லையான்னு கேக்குறேன்."

"ஆர்டர் போட்டிருக்கேன். அந்த சைஸ் ஸ்டாக் இல்ல, வர மூணு வாரம் ஆகுமாம். அதுக்குள்ள டிரிப் இருக்கே. ட்ரெட் எல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கு, நான் செக் பண்ணிட்டேன்."

"அப்ப பாஸிங்ல எதக் காட்டின?"

அப்புறம் சொன்னாய், "எல்லாரும் பண்றதுதான்ப்பா. ஃபோர் அவர்ஸ் வாடகை. ரிலாக்ஸ்." நான் கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவன் கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அதற்குத்தான் நீ கடைசியாக அந்த வாக்கியத்தைச் சொன்னாய். "நீங்க பண்ணாததா? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. டயர் கடையில என்னை ஸ்டூல்ல உக்கார வெச்சு மாம்பழ ஜூஸ் வாங்கிக் குடுத்தீங்க." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லாமல் விடப் போவதில்லை. ஆனால் முதலில் உன்னைத் திட்டி முடிக்கிறேன்.

கயல் ஊரிலிருந்து வந்தவள், அவளுக்கு இந்த வழக்கம் தெரியாது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்த இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் மூச்சு விடுகிற எல்லாருக்கும் தெரியும். சோதனையில் டயரின் வயதைப் பார்ப்பார்கள். பழசு என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? டயர் கடையில் போய், நல்ல டயர் போட்ட வேறு ஒரு வண்டியின் வீல்களை அப்படியே கழற்றி மாட்டிக்கொள்வார்கள். அதோடு சோதனைக்குப் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வந்து, மறுபடி பழசையே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கண்ணாடியில் ஒட்டின கறுப்பு ஃபிலிமைக் கழற்றிவிட்டுப் போய் வந்து ஒட்டுவதும் இதே கதைதான், ஆனால் ஃபிலிம் வெடித்து யாரும் செத்ததில்லை. இதில் யாரை யார் ஏமாற்றுகிறார்கள் என்று முப்பது வருடமாக எனக்குப் புரியவில்லை. அந்தச் சோதனைக்காரன் உன் வண்டியில் ஏறி சலாலாவுக்கு வரப் போகிறானா? அவன் பார்த்தது வேறு ஒருத்தன் டயரை. ஏறி உட்காரப் போவது உன் பெண்டாட்டி.

டயர் கடைக்கும் போனேன். அந்தக் கடைக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, "என்ன உஸ்தாத், பிரஷரா?" என்றார். டயர் பிரஷரைக் கேட்கிறாரா, என் பிரஷரைக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டேன். ஒளிக்கவே இல்லை. ஒரு சரக்குப் பிக்கப்பிலிருந்து ஆறு வீலையும் கழற்றிக் கொடுத்தாராம், மதியத்துக்குள் திரும்ப வந்துவிட்டதாம். "உங்க பையன்தானே வந்தான், உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சேன். கலாஸ், பாஸிங் ஆயிடுச்சுல்ல, இனிமே என்ன" என்றார். அவரோடு சண்டை போடலாம் என்று போனவன், அந்த ஒரு பேச்சில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் பையன் என்றால் எனக்குத் தெரிந்துதான் நடந்திருக்கும் என்று இங்கே இருக்கிறவன் நினைக்கிறான். நினைக்கத்தான் செய்வான்.

எனக்கு வயிறு எரிவது வெறும் டயருக்காக என்று நினைக்காதே. இதைச் செய்தது நீ என்பதற்காக எரிகிறது. அஜ்மானில் அந்தப் பழைய சாமான் யார்டில் இந்த வண்டியை முதலில் பார்த்த அன்று நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் விட்டுவிட்டுப் போன வண்டி, என் கல்யாணத்துக்கு முன்னால் செய்தது, பதினோரு வருடமாக வெயிலில் நின்று மேலே பூசின வெள்ளை எல்லாம் மாவாகக் கையில் ஒட்டியது. உள்ளே புறா முட்டை வைத்திருந்தது. "இது வண்டி இல்லடா, வேண்டுதல்" என்றேன். நீ சிரிக்கவே இல்லை. எஞ்சினைப் பார்த்தாய், அடியில் படுத்து சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாய், எழுந்து வந்து, "சேஸி நல்லா இருக்குப்பா, மீதி எல்லாம் மரமும் தகரமும்தானே, அது உங்க வேலை" என்றாய். அந்த வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். முதலாளியிடம் கெஞ்சிப் பட்டறைக்குப் பின்னால் இடம் வாங்கினேன். இருபத்தேழு வயதுப் பையன் வாரத்தில் ஒரு நாள் அப்பனோடு வேலை செய்ய வருகிறான் என்றால் எந்த அப்பன் வேண்டாம் என்பான்.

கூரை விஷயத்தை எடுத்துக்கொள். டிரைவர் தலைக்கு மேல் படுக்கை இருக்கும் அந்த மூலையில் ஒரு கறை இருந்தது. தண்ணீர் இறங்கின கறை. நான் வெளியே ஜாயின்ட்டில் சீலன்ட் பூசி, உள்ளே ஒரு பிளைவுட் ஷீட் அடித்து, வினைல் ஒட்டிவிடலாம் என்றேன். ஒரு நாள் வேலை. நீதான் ஒப்புக்கொள்ளவில்லை. "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம மூடக் கூடாதுப்பா" என்று சொல்லி அலுமினியத் தகட்டைப் பிரித்தாய். உள்ளே இருந்த மரச் சட்டங்கள் டீயில் முக்கின ரஸ்க் மாதிரி விரலில் பிட்டுக்கொண்டு வந்தன. நான் சொன்னபடி மூடியிருந்தால் முதல் மழையிலோ முதல் மேட்டிலோ அந்த மூலை அப்படியே உட்கார்ந்திருக்கும். முழுக் கூரையையும் பிரித்தோம். மூன்று மாதம் போயிற்று. எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "அவன் என்னைவிட நல்ல வேலைக்காரன், பேங்க்ல உக்காந்து வீணாப் போறான்" என்று சொன்னேன். முப்பது வருடத்தில் நான் யாரைப் பற்றியும் அப்படிச் சொன்னதில்லை. நீ இதுவரை கேட்காதது அது, இப்போது கேட்டுக்கொள். பாராட்டு என்று நினைத்துப் பூரித்துவிடாதே, குற்றப்பத்திரிகையில் ஒரு பகுதியாகத்தான் எழுதுகிறேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் உன் அப்கிரேடு. பழைய கேஸ் ஃபிரிட்ஜை எடுத்துவிட்டுப் புது ஃபிரிட்ஜ் வைத்தாய், அது சரி, அந்தப் பழசு இந்த வெயிலில் ஐஸ் அல்ல, வெந்நீர்தான் தந்திருக்கும். வயரிங்கை முழுசாக மாற்றினோம், அதுவும் சரி. கூரையில் நான்கு சோலார் பேனல், புது ஏசி, கட்டிலுக்கு அடியில் பெரிய லித்தியம் பேட்டரி, நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் டேங்க். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சமையல் மேடைக்குக் கிரானைட் என்றபோது மட்டும்தான் சண்டை போட்டேன். ஓடுகிற வண்டியில் யாரடா கல் பதிப்பான் என்று கேட்டேன். "வீடியோல லுக் நல்லா வரும்ப்பா" என்றாய், நெட்டில் நீ போடுகிறாயே அந்த வீடியோ. உன் அம்மா தைத்துக் கொடுத்த திரைச்சீலையை எடுத்துவிட்டு ரோலர் மாட்டினாயே, அதுவும் அந்த லுக்குக்காகத்தான். அப்போதே நான் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். இத்தனை கனமும் எங்கே போய் உட்காரும்? பின்னால் இருக்கும் நான்கு டயரில். பேனல் வீடியோவில் தெரியும், கல் தெரியும், மஞ்சள் விளக்கு தெரியும், காபி மெஷின் தெரியும். டயரின் வயது எந்த வீடியோவில் தெரியும்?

யார் கண்ணுக்கும் படாத மரத்துக்காகக் கூரையைப் பிரித்தவன் நீ. மூன்று மாதம் பொறுத்தவன். அவனால் டயருக்கு மூன்று வாரம் பொறுக்க முடியவில்லை. ஓட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று, லீவு சொல்லியாயிற்று, கிளம்புகிற வீடியோ வெள்ளிக்கிழமை வரும் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டாயிற்று. அதனால் பதின்மூன்று வயது ரப்பருக்குப் பாலிஷ் அடித்து, ஜூலை மாத வெயிலில், ஓமன் எல்லை தாண்டினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் வெறும் மண்ணாகக் கிடக்கும் சாலையில், தலைக்கு மேல் ஏசியும் காலுக்குக் கீழ் கல்லும் ஏற்றி, ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு போகப் போகிறாய். ட்ரெட் புதுசு மாதிரி இருக்கிறதாம். ஓடாமல் நின்ற டயரில் ட்ரெட் எப்படித் தேயும்? நீ என்ன, தெரியாதவனா? தெரியாதவன் பாலிஷ் அடிக்க மாட்டான். பாலிஷ் அடித்தாயே, அது எனக்காக அடித்தது. நான் குனிந்து பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். அதை நினைத்தால்தான் ஆறவே மாட்டேன் என்கிறது.

இனி உன் வாக்கியத்துக்கு வருகிறேன். நீங்க பண்ணாததா என்று கேட்டாய். பண்ணினேன். உனக்கு அப்போது ஆறு வயது. நமக்கு ஒரு பழைய செகண்ட் ஹேண்ட் கார் இருந்தது, பாஸிங் வந்தது, நான்கு டயரும் காலாவதியானவை. இன்னும் இரண்டு மாதத்தில் ஊருக்கு லீவில் போகிறோம், உன் அத்தைக்குக் கல்யாணம், போய்விட்டு வந்து டயர் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த ஊரில் நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் தள்ளிப்போட்டோம். பல்வலிக்கு டாக்டரிடம் போவதிலிருந்து கட்டிலுக்கு மெத்தை வாங்குவது வரை, லீவுக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம். டயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தேன். ஒரு டாக்ஸியின் டயர்களை மாட்டிக்கொண்டு போய் முத்திரை வாங்கினேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு ஜூஸ் குடித்தாய். உண்மைதான். உன் ஞாபகசக்தியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு இன்னொரு சம்பவமும் ஞாபகம் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று மட்டும் உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

அந்தப் பாஸிங் முடிந்து மூன்று வாரம் கழித்துதான் நாம் ஃபுஜைராவுக்குப் போனோம். உன் அம்மா ஆசைப்பட்டாள். பள்ளிக்கூடம் மூடியாயிற்று, பரீட்சைப் பேப்பர் எல்லாம் திருத்தி முடித்துவிட்டாள், அந்தப் பக்கத்துக் கடலைப் பார்த்ததே இல்லை, ஒரு நாள் போய் வரலாம் என்றாள். வெயில் ஜாஸ்தி என்று நான் இழுத்தேன். உண்மையில் எனக்கு டயர் ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். "டயர் சரியில்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று ஐந்தே வார்த்தை. பாஸிங் ஆன வண்டியில் டயர் எப்படிச் சரியில்லாமல் போகும் என்று கேட்பாள், அசிங்கமாக இருக்கும் என்று சொல்லவில்லை. மலை இறக்கம் முடிந்து சமதரை வந்ததும் வலது பின் டயர் வெடித்தது. நம் பக்கம் யாரும் வரவில்லை, அது ஒன்றுதான் அன்று நமக்குக் கிடைத்த தயவு. வண்டி வலப்பக்கம் இரண்டு தரம் புரண்டது. உன் புருவத்தில் அந்தக் கீறல். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. வலப்பக்கம் உட்கார்ந்திருந்த உன் அம்மாவின் தோள் மூன்று இடத்தில் நொறுங்கியது.

போலீஸ்காரர் முல்கியாவை வாங்கிப் பார்த்தார். பாஸிங் மூன்று வாரம் முன்னால் ஆனது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வானத்தைக் காட்டி ஏதோ அரபியில் சொன்னார். வெயில் என்றுதான் சொல்லியிருப்பார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கு வெயில், ஊரிலிருந்து ஃபோன் பண்ணினவர்களுக்கு வெயில், உனக்கும் வெயில். உன் அம்மா கணக்கு டீச்சர். தோளுக்கு மேல் கை தூக்க முடியாதவள் போர்டில் எப்படி எழுதுவாள்? ஒரு டெர்ம் வரை பார்த்தார்கள், அப்புறம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் சாப்பாட்டு மேஜையில் டியூஷன். நான் மூன்று வருடத்துக்கு ஒரு முறை டயர் மாற்றுவதைப் பார்த்து நீ டயர் பைத்தியம் என்று கேலி செய்வாயே, உன் அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஏன் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. பைத்தியம் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் பண்ணினதைத்தான் நீ பண்ணினாய் என்பது சரி. நான் பண்ணினது என்னவென்று தெரிந்திருந்தால் நீ பண்ணியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அந்த ஒரு நம்பிக்கையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் டயர் கடைக்காரர் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை டூட்டி முடிந்ததும் உன் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆறு வீலையும் கழற்றி, ஒவ்வொரு டயரின் பக்கத்தையும் சீட் துணி அறுக்கிற கத்தியால் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தேன். உள்பக்கம் இருக்கும் இரண்டையும் கழற்றுவதற்குள் முட்டி கழன்றுவிட்டது. வண்டி இப்போது ஸ்டாண்டில் நிற்கிறது. உன் பேரில் இருக்கும் வண்டியை நான் சேதப்படுத்தியது தப்புதான், போலீஸில் புகார் கொடுப்பதென்றால் கொடு, கத்தி என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. எந்தக் கடையிலும் ஒட்டுப் போட முடியாத இடத்தில் பார்த்துத்தான் கிழித்திருக்கிறேன். மறுபடி அந்தப் பிக்கப் வீல்களை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு போகலாம் என்று யோசித்தால், கடைக்காரரிடம் அதற்கும் சொல்லி வைத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் இவ்வளவு திருப்தியாக எதையும் கிழித்ததில்லை.

இதுவரை எழுதினதை நேற்று, புதன்கிழமை சாயங்காலம், டியூஷன் பிள்ளைகள் போனதும் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் உனக்கு அனுப்பினால், நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது மறுபடியும் அதே பாடமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டாள். ஃபுஜைரா வந்ததும் நான் நிறுத்தினேன். "படிங்க" என்றாள். முடித்தேன். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அன்னிக்குப் போகலாம்னு அடம் புடிச்சது நான்தான்னு எத்தனை தடவ உங்ககிட்ட சொல்லி அழுதிருப்பேன்" என்றாள். "என்னாலதான் புள்ளைக்கு நெத்தியில காயம், என்னாலதான் வண்டி போச்சுன்னு. ஒவ்வொரு தடவையும் பரவாயில்ல விடு, பரவாயில்ல விடுன்னு என் தலையத் தடவிக் குடுத்தீங்க. நீங்க என்னை மன்னிச்சுக்கிட்டே இருக்கீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலை டீ போட்டாள், ஒரே ஒரு டம்ளர், அவளுக்கு.

இருபத்திரண்டு வருடம் கழித்துச் சொன்னால் இப்படித்தான் இருக்கும், தம்பி. உனக்கு இன்னும் மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது. கயலை உட்கார வைத்து, என்ன டயர், யாருடைய டயர், அப்பா கிழிக்காமல் இருந்திருந்தால் நாளைக் காலையில் அவளை எதில் ஏற்றியிருப்பாய் என்று எல்லாவற்றையும் உன் வாயால் சொல். அவள் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும், நீ பதில் பேசாதே. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடு.

அப்பா